பத்து லிட்டர் பாலுக்கு யார் பில் கட்டுவது?

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை போய் வாருங்கள். காரவள்ளியிலிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பதுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. தலை சுற்றல்.

செம்மேட்டில் இறங்கினால் வரவேற்பது குதிரை மேல் இருக்கும் வல்வில் ஓரி சிலை. கடையேழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையை ஆண்டவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவன் பெயரில் வருஷா வருஷம் ஆடி மாதம் அரசு விழா நடக்கிறது. வில் போட்டி உண்டு. மந்திரி வருவார், மாலை போடுவார், போவார். 'ஓரி எங்க ஆளு' என்று ஒன்றுக்கு மேற்பட்ட சாதிக்காரர்கள் போஸ்டர் ஒட்டுவார்கள்.

சிலையைப் பார்த்துவிட்டு டீ குடிக்க ஒதுங்கிய கடையில் ஒரு பையன் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. கறுப்பு பனியன், அதில் கையை உயர்த்திக்கொண்டு நிற்கும் ரோமன் ரெய்ன்ஸ். அமெரிக்க டி.வி. குஸ்தியான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் இன்றைய தலைமகன்.

"இவரை உனக்குப் பிடிக்குமா?"

"செம ஆளு சார். அவங்க குடும்பமே ஃபைட்டர். அப்பா, பெரியப்பா, தம்பிங்க எல்லாம். பிளட்லைன்னு பேரு. ரத்தத்துலயே இருக்கு சார்."

என்னோடு வந்திருந்த நண்பர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவரும் தலையை ஆட்டினார். "கரெக்டா சொல்றான் பாருங்க. எல்லாம் பரம்பரை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?"

எனக்குச் சுருக்கென்றது. பையன் சொன்னதில் தப்பில்லை. அவன் டி.வி.யில் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான். முப்பது வருஷம் பாடம் நடத்தினவர் அதை ஆமோதிக்கிறாரே, அதுதான் பிரச்னை. அதுவும் யார் எதிரில்? கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிப் பையன் எதிரில். (மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். கேரளாவோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 'உன் அப்பன் என்னவோ நீயும் அதுதான்' என்று இந்த ஊரில் காலம் காலமாகச் சொல்லப்படும் வசனத்தைத்தானே நண்பர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்? அதற்குச் சாதி என்று பேர் வைத்தால் நமக்குக் கூச்சம். விளையாட்டில் சொன்னால் கை தட்டல்.

அதனால் இந்த வாரம் பயில்வான் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் பையன் சொன்ன குடும்பம். சமோவாத் தீவுகளிலிருந்து அமெரிக்கா வந்த அனோவாய் குடும்பம் அது. ரோமன் ரெய்ன்ஸின் அப்பா சிகா, பெரியப்பா ஆஃபா இருவரும் பேர் பெற்ற மல்யுத்த ஜோடி. சரி. ஆனால் சினிமா நடிகர் 'ராக்' என்கிற டுவைன் ஜான்சனும் இதே ரத்தம் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். விசாரித்துப் பாருங்கள். ராக்கின் தாத்தா பீட்டர் மைவியா, அனோவாய் வீட்டில் பிறந்தவரே இல்லை. அந்த வீட்டுப் பெரியவரோடு 'நாம் சகோதரர்கள்' என்று உறவு சொல்லிக்கொண்டவர். போதாததற்கு, ராக்கின் அம்மா மைவியா பெற்ற மகள் இல்லை. மைவியா கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்த குழந்தை. அவர் தத்தெடுத்து வளர்த்தார். ராக்கின் அப்பா ராக்கி ஜான்சன் மல்யுத்தக்காரர்தான், ஆனால் கனடாவில் பிறந்த கறுப்பர், இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். உலகத்தின் மிகப் பிரபலமான 'மல்யுத்த ரத்தம்' இப்படி தத்து, சத்தியம், சம்பந்தம் என்று ஒட்டுப்போட்டதுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எனக்கு அது ரொம்ப அழகாகத்தான் தெரிகிறது. ரத்தம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு? நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய பயில்வான் இருந்தார். காமா. இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878ல் பிறந்தவர். ஐம்பது வருஷத்துக்கு மேல் கோதாவில் நின்றும் தோல்வியே காணாதவர் என்று சொல்லப்படுகிறவர். 2022 மே 22 அன்று அவர் பிறந்த நாளுக்கு கூகுள் முகப்பில் படம் போட்டார்கள். நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

காமா அசல் பயில்வான் குடும்பம். அப்பா முகமது அஜீஸ், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் ததியா சமஸ்தானத்தில் ராஜா ஆதரவில் இருந்த மல்லர். காமாவுக்கு ஆறு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா வழித் தாத்தா நூன் பயில்வான் எடுத்து வளர்த்தார். அவரும் போன பிறகு மாமா ஈடா. அவரும் பயில்வான். தம்பி இமாம் பக்ஷ், அவரும் பயில்வான். பார்த்தீர்களா, ரத்தம்தானே என்று நண்பர் குஷியாகிவிடுவார்.

கொஞ்சம் பொறுங்கள். 1888ல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். சண்டை இல்லை, உடற்பயிற்சிப் போட்டி. உட்கார்ந்து எழுந்திருக்கிற பஸ்கியை யார் கடைசி வரை போடுவது என்று. நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள். கடைசிப் பதினைந்து பேரில் பத்து வயசுப் பையன் ஒருவன் நின்றான். அதுதான் காமா. இவன்தான் ஜெயித்தவன் என்று மகாராஜா அறிவித்தார். அப்புறம் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். ததியா மகாராஜா பையனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். பயிற்சி என்றால் முதுகில் தட்டிக் கொடுப்பதில்லை. சோறு. தங்க இடம், பயிற்சிக்கு ஆள், உடம்பு பிடித்துவிட ஆள், வயிறு நிறையச் சாப்பாடு, வருஷக்கணக்கில்.

காமாவின் சாப்பாட்டைப் பற்றி எழுதி வைத்திருப்பதைப் படித்தால் நமக்கு ஜீரணமாகாது. ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் பால், ஆறு கோழி, அரைத்த பாதாம், நெய், பழரசம். பாதி கட்டுக்கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஐந்து லிட்டர் பாலையும் மூணு கோழியையும் வாங்கி ஒரு பையனுக்குத் தினமும் கொடுக்க உங்களால் முடியுமா? நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் மாசம் பிறந்தால் பால் கார்டுக்குப் பணம் கட்டவே திணறுகிறோம். ரத்தம் அப்பா கொடுத்தது. பால் மகாராஜா கொடுத்தது. இதில் எது இல்லாமல் போயிருந்தால் காமா இல்லை என்று நினைக்கிறீர்கள்?

1910ல் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் லண்டன் போனார்கள். ஆள் உயரம் போதாது என்று காமாவைப் போட்டியில் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். 'எந்த எடையில் வேண்டுமானாலும் மூன்று பேர் வரட்டும், முப்பது நிமிஷத்தில் தூக்கிப் போடுகிறேன்' என்று சவால் விட்டார் காமா. ஏமாற்றுப் பேர்வழி என்று முதலில் யாரும் வரவில்லை. அப்புறம் வந்தார் அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலர். மண்ணைக் கவ்வினார். செப்டம்பர் 10 அன்று போலந்து நாட்டு மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. இந்தச் சண்டை ஒரு கூத்து. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஸ்பிஷ்கோ தரையோடு குப்புறப் படுத்துக்கொண்டார். எழுந்தால்தானே தூக்கிப் போடுவாய்? இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே. முடிவு: டிரா. அடுத்த வாரம் மறுபடி மோத வேண்டும் என்றார்கள். ஸ்பிஷ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்கு.

ஒரு கறுப்புத் தோல் ஆசாமி வெள்ளைக்காரன் ஊரில் போய் வெள்ளைக்காரர்களைப் புரட்டி எடுத்த சேதி இங்கே என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காங்கிரஸ் தீர்மானங்கள் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1928ல் பாட்டியாலா மகாராஜா அந்த ஸ்பிஷ்கோவையே வரவழைத்துக் காமாவோடு மோத விட்டார். இந்த முறை படுக்க நேரமில்லை. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. காமாவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இது வரைக்கும் சினிமா. இனிமேல்தான் வாழ்க்கை.

1947ல் நாடு பிளந்தது. காமா லாகூரில் இருந்தார். கலவரத்தின்போது தன் தெருவில் இருந்த இந்துக் குடும்பங்களுக்குக் காவலாக நின்று காப்பாற்றினார் என்பது அவர் வாழ்க்கையைச் சொல்கிற எல்லாரும் நினைவு கூர்கிற விஷயம். சமஸ்தானங்கள் கலைந்தன. ராஜாக்கள் போனார்கள். அவர்களோடு பாலும் போனது. உலகத்தையே ஜெயித்த ஆள் கடைசிக் காலத்தில் வியாதியும் பணக் கஷ்டமுமாக இருந்தார். இங்கே இந்தியாவிலிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா அவருக்குப் பண உதவி செய்தார். 1960 மே 23 அன்று லாகூரில் இறந்தார்.

ரத்தம் என்ன ஆயிற்று? அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. தம்பி இமாம் பக்ஷின் பிள்ளைகள் போலு, அஸ்லம், அக்ரம் என்று வரிசையாகப் பயில்வான்கள். 1976ல் கராச்சியில் ஜப்பானின் அன்டோனியோ இனோக்கி, அக்ரமின் கையை முறித்து ஜெயித்தார். பெரியப்பா பெயரைக் காப்பாற்ற நாற்பது வயதைத் தாண்டிய மனிதரை கோதாவில் இறக்கினார்கள். மூன்று வருஷம் கழித்து, பழி தீர்க்க என்று அஸ்லமின் மகன் ஜாரா இறக்கப்பட்டான். பத்தொன்பது வயசுப் பையன். தோற்காமல் திரும்பினான். 1991ல், முப்பத்தி சொச்சம் வயதில் அவனும் இறந்துபோனான். அத்தோடு அந்த வீட்டின் பெருமைக் காலம் முடிந்தது.

இதில் என் மனசைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு. பல வருஷம் கழித்து இதே இனோக்கிதான் ஜாராவின் குடும்பத்துப் பையன் ஒருவனை ஜப்பானுக்கு அழைத்துப்போய் வளர்க்க முன்வந்தார். கையை முறித்தவர் சோறு போட வந்தார். சொந்த நாட்டு அரசாங்கத்துக்கு ஏன் அது தோன்றவில்லை?

'அது பாகிஸ்தான் சார், நம்ம கதையைச் சொல்லுங்க' என்பீர்கள். சொல்கிறேன்.

சுஷில்குமார் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலமும் 2012 லண்டனில் வெள்ளியும் வாங்கினார். டெல்லிக்குப் பக்கத்தில் பாப்ரோலா கிராமம். அப்பா டிரைவர், அவரும் குஸ்தி போட்டவர். சித்தப்பா பெரியப்பா மகன் ஒருவரும் சுஷிலோடு சேர்ந்து குஸ்தி பழகினார். பிறகு அவர் நிறுத்திவிட்டார். ஏன்? அந்தக் குடும்பத்தால் ஒரு பயில்வானுக்குத்தான் சாப்பாடு போட முடிந்தது. இரண்டு பேருக்கு முடியவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படியுங்கள். ஒரே வீடு, ஒரே ரத்தம், ஒரே மண். ஒருத்தர் ஒலிம்பிக் மேடையில். இன்னொருத்தர் வீட்டில். நடுவில் இருந்தது பால் சொம்பு. (சுஷில் 2021ல் ஒரு இளம் மல்யுத்த வீரரின் கொலை வழக்கில் கைதானார். அது வேறு கதை. ஆனால் பயில்வானுக்கு உடம்பைத் தவிர வேறு எதுவும் கற்றுக் கொடுக்காத ஒரு அமைப்பைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.)

டோக்கியோவில் 2021ல் வெள்ளி வாங்கிய ரவி தஹியாவின் அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர். மகன் பயிற்சி பெற்ற டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்துக்குத் தினமும் கிராமத்திலிருந்து பாலும் வெண்ணெயும் சுமந்துகொண்டு போனார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில். அந்த மனிதர் கால் வலிக்குது என்று உட்கார்ந்திருந்தால் நாட்டுக்கு ஒரு மெடல் குறைந்திருக்கும். ஒரு நாட்டின் விளையாட்டுக் கொள்கை ஓர் ஏழை விவசாயியின் முழங்காலில் நின்றிருக்கிறது. வெட்கமாக இல்லையா நமக்கு?

அடுத்தது போகாட் குடும்பம். 'தங்கல்' படம் பார்த்திருப்பீர்கள். அரியானாவின் பலாலி கிராமத்து மகாவீர் சிங் போகாட் தன் மகள்களையும், அப்பாவை இழந்த தம்பி மகள்களையும் மல்லர்களாக்கினார். 2010 காமன்வெல்த் போட்டியில் கீதா தங்கம் வாங்கினார். படத்தைப் பார்த்துவிட்டு அப்பா என்றால் இப்படி இருக்கணும் என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். ஆனால் மகாவீருக்கு அந்த எண்ணத்தை விதைத்தது எது? 2000ல் சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி பளு தூக்குதலில் வெண்கலம் வாங்கியது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண். மெடல் வாங்கினால் கோடி தருகிறோம், வேலை தருகிறோம் என்று அரியானா அரசு அறிவித்தது. பொம்பளைப் பிள்ளையும் ஜெயிக்கலாம், ஜெயித்தால் சோற்றுக்குக் கஷ்டமில்லை என்று ஒரு கிராமத்து அப்பாவுக்கு உறைத்தது. ரத்தம் பலாலியில் ஏற்கெனவே இருந்தது. அரசாங்கம் வாய் திறந்த பிறகுதான் அது கோதாவுக்கு வந்தது.

குடும்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த வீட்டு வினேஷ் போகாட் 2023ல் மற்ற வீராங்கனைகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார். அவர் மறுத்தார். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றத்தைத் திறந்த அதே நாளில், நாட்டுக்கு மெடல் வாங்கித் தந்த பெண்களைப் போலீஸ் தரையில் இழுத்துக்கொண்டு போனதை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். பெரியப்பா குஸ்தி கற்றுத் தரலாம், எருமைப் பால் தரலாம். சம்மேளன ஆபீஸ் கதவுக்குப் பின்னால் பெரியப்பா வந்து நிற்க முடியாது. அங்கே நிற்க வேண்டியது சட்டம்.

அடுத்த வருஷம் பாரிஸ். ஐம்பது கிலோ பிரிவு. அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்றதே இல்லாத ஜப்பானின் யூய் சுசாகியை வீழ்த்தி வினேஷ் ஃபைனலுக்குப் போனார். ராத்திரி முழுக்கச் சாப்பாடில்லை, தண்ணி இல்லை. ஓடி, வியர்த்து, முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்ட் 7 காலையில் தராசு நூறு கிராம் அதிகம் காட்டியது. தகுதி நீக்கம். காமா காலத்தில் எவ்வளவு சாப்பிட்டான் என்று கணக்கு வைத்தார்கள். இப்போது சாப்பிடாமல் இருப்பதற்குக் கணக்கு. இரண்டுக்குமே பக்கத்தில் விஷயம் தெரிந்த மருத்துவர் வேண்டும், சமையல்காரர் வேண்டும், பணம் வேண்டும்.

'எல்லாம் சரி, நம்ம ஊரில் குஸ்தியே இல்லையே, எதற்கு இந்தப் புலம்பல்?' என்று ஒரு வாசகர் கடிதம் எழுதுவார் என்று தெரியும். இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர் 'கோதாவில்' குதிக்கிறார். வீட்டில் 'மல்லுக்கு நிற்காதே' என்று திட்டுகிறோம். மாமல்லபுரம் என்று ஊருக்கே பேர் வைத்திருக்கிறோம். பல்லவ ராஜா நரசிம்மவர்மனுக்குப் பட்டம் மாமல்லன். மொழியில் மல்லன் உட்கார்ந்திருக்கிறான். ஊரில்தான் காணோம். பயில்வான் என்றால் சினிமாவில் ஹீரோ ஒரே குத்தில் விழுத்தாட்டும் தடியன், இல்லாவிட்டால் காமெடியன். கர்லாக்கட்டை சுற்றுகிறவர்களைக் கண்காட்சிப் பொருளாக்கிவிட்டோம்.

பரம்பரை என்ற சொல்லைக்கூட நம் ஆட்கள் ஒரு காலத்தில் வேறு மாதிரி பயன்படுத்தியிருக்கிறார்கள். வடசென்னையின் குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று இருந்தன. 2021ல் படமாகவும் வந்தது. அங்கே பரம்பரை என்றால் அப்பன், பாட்டன் இல்லை. வாத்தியார். எந்த வீட்டுப் பையன் வந்து கிளவுஸ் மாட்டினாலும் அவன் அந்தப் பரம்பரை. ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன் பிள்ளைக்கும் அதில் இடம் இருந்தது. இது ஒன்றும் டெல்லியிலிருந்து வந்த ஞானம் இல்லை.

மறுபடி செம்மேட்டு டீக்கடைக்கு வருவோம். அந்தப் பையனிடம் கேட்டேன். "ஓரி விழாவில் வில் போட்டி நடக்குமே, நீ கலந்துக்கிட்டிருக்கியா?"

"வெளியூர்லேர்ந்து எல்லாம் வருவாங்க சார். பெரிய பெரிய வில்லு. ரோப்பெல்லாம் கட்டியிருக்கும். நாங்க கயித்துக்கு இந்தாண்ட நின்னு பாப்போம்."

"தொட்டுப் பாத்திருக்கியா?"

"இல்ல சார்."

வல்வில் ஓரியின் மலையில் பிறந்த பையன். அவனும் அவன் சிநேகிதர்களும் வில்லைத் தொட்டதில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நாடு பூராவும் நடத்தும் பள்ளிகளுக்கு ஏகலவ்யா பள்ளிகள் என்று பேர். யார் வைத்தார்களோ, யோசித்து வைத்தார்களா தெரியவில்லை. ராஜ குடும்பத்துப் பிள்ளை இல்லை என்று விரட்டப்பட்ட வேடன். தானாகவே கற்றுக்கொண்டான். அதற்கும் கட்டை விரலைக் காணிக்கையாக வாங்கிக்கொண்டார் வாத்தியார். என் நண்பர் சொன்ன 'புலிக்குப் பிறந்தது' தத்துவத்துக்கு முதல் பலி அவன்தான்.

உடம்பு உரம் வேண்டுமென்றால் இந்த மலையில் அது இருந்தது. சாமையும் தினையும் விளைந்த மலை இது. அப்புறம் காசு வருகிறதே என்று சரிவெல்லாம் மரவள்ளி. கிழங்கு லாரியேறிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. வீட்டுக்கு ரேஷன் அரிசி வருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வருஷக்கணக்காக இங்கே சிறுதானியத்தை மீட்கப் பாடுபட்டது. இன்று அதே சாமை, தினையைச் சென்னையில் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து நமக்கு விற்கிறார்கள், ஆரோக்கியம் என்று. மலைக்காரன் பிள்ளை வெள்ளைச் சோறு சாப்பிடுகிறான்.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக மாட்டேன். சத்துணவில் தமிழ்நாடு செய்ததை நினைத்து நாம் பெருமைப்படலாம். காமராஜர் ஆரம்பித்தார், 1982ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்தினார், 1989ல் கருணாநிதி முட்டை சேர்த்தார், 2010ல் அது வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. பால் கொடுக்கிற மகாராஜா வேலையை இங்கே அரசாங்கம் ஒரு பிடியாவது செய்திருக்கிறது. பிள்ளை எந்த ரத்தம் என்று யாரும் கேட்டுவிட்டு முட்டை வைப்பதில்லை. இதை ஆரம்பித்தபோதும் 'ஓசிச் சோறு' என்று கிண்டல் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேரப் பிள்ளைகள் இன்று ஜிம்மில் புரோட்டீன் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டோமே. பசியாற ஒரு முட்டை போதும். பயில்வானுக்குப் போதாது, வில்லாளிக்குப் போதாது, நூறு மீட்டர் ஓடுகிற பெண்ணுக்கும் போதாது. நான் கேட்பது பெரிய ஸ்டேடியம் இல்லை. கல்வெட்டில் பேர் போட வசதியாக இருக்கும் என்று கட்டடம்தான் முதலில் கட்டுவார்கள். கட்டடம் அப்புறம். செம்மேட்டில் ஒரு மண் கோதா, பத்து வில், நிரந்தரச் சம்பளத்தில் ஒரு வாத்தியார், ஒரு வாத்தியாரம்மா. விளையாட்டு பீரியடைக் கணக்கு சார் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று ஓர் உத்தரவு. பயிற்சிக்கு வருகிற பிள்ளைக்குக் காலையிலும் மாலையிலும் பாலும் முட்டையும் சாமைக் களியும், விடுமுறை நாள் உட்பட. இந்தியாவின் முட்டைக் கூடையே இந்த மலையின் அடிவாரத்தில் நாமக்கல்லில்தான் இருக்கிறது. லாரி ரொம்ப தூரம் ஓட வேண்டாம், எழுபது வளைவு ஏறினால் போதும்.

எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகப் போகிறதா என்று கேட்பீர்கள். போகாது. கணக்குப் படிக்கிற எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகிறதா? அதற்காகக் கணக்கு வகுப்பை மூடிவிட்டோமா? நூறு பேருக்குச் சோறு போட்டால் தொண்ணூற்று ஒன்பது பேர் நல்ல உடம்போடு ஊரில் இருப்பார்கள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கிளம்பும்போது நண்பர் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நான் காசு கொடுத்துக்கொண்டே பையனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்.

"ஸ்கூல்ல முட்டை ஒழுங்கா போடறாங்களா?"

"போடறாங்க சார். வாரத்துல அஞ்சு நாளும்."

"சனி, ஞாயிறு?"

கிளாஸைக் கழுவிக்கொண்டே சிரித்தான். "லீவுக்கு ஏது சார் முட்டை?"